செய்யலாம் என்னும் சொல்: முதுகெலும்பு அறுவையும் நோயாளர் முடிவும்



இலக்கணப் பொழிவு கேட்க வந்தோர், தலைப்பில் முதுகெலும்பைக் கண்டு சற்றே மருண்டிருக்கக்கூடும். யாம் மருத்துவம் கற்றவர் அல்லோம். தமிழ் வினைச்சொற்களின் ஈறுகளை ஆராய்வதில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டோம். அவ்வீறுகளுள் ஒன்று மருத்துவர் அறையில் என்ன செய்யவல்லது என்பதை எம் குடும்பத்திலேயே காண நேர்ந்தது. அங்கிருந்தே தொடங்குகிறோம்.

எம் தமக்கையார் சிகாமட் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். அறுபது வயதைத் தாண்டியபின் அவருடைய முதுகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு முன்னோக்கியும் வளையத் தொடங்கியது. நிமிர்ந்து நிற்க இயலாமல், சமையல் மேடையில் முழங்கையை ஊன்றிக்கொண்டே சமைப்பார். சிறிது தொலைவு நடந்தாலே கால்களில் நெருப்பு இறங்குகிறது என்பார். மருத்துவமனை ஒன்றில் அவருக்காக மொழிபெயர்க்க யாமே உடன் சென்றோம். மருத்துவர் பொறுமையானவர். அறுவையும் ஒரு வழி, அதை எண்ணிப் பார்க்க இடமுண்டு என்னும் கருத்துப்பட ஆங்கிலத்தில் விளக்கினார். யாம் திரும்பி, "அக்கா, ஆபரேஷன் செய்யலாம்னு சொல்றாரு" என்றோம். "சரி தம்பி, டாக்டரே சொல்லிட்டாரு" என்று அவர் தலையசைத்தார். பின்னொரு நாள் இசைவுத் தாளில் கையொப்பமும் இட்டார்.

அறுவைக்கு முதல்நாள் மாலை, படுக்கையில் அமர்ந்தபடி அவர் கேட்டார்: "தம்பி, இது முடிஞ்ச பிறகு நான் கீழே உக்காந்து கோலம் போடலாமா?" எம்மிடம் விடையில்லை. மருத்துவரைத் தேடிச் சென்று கேட்டோம். முதுகின் நடுவிலிருந்து இடுப்பெலும்பு வரை எலும்புகளை ஒன்றாக இணைத்துவிடுவதால், தரையில் அமர்ந்து குனிவது பெரும்பாலும் இயலாது என்றார் அவர். அறுவை ஒத்திவைக்கப்பட்டது. பல நாள் முன்பே எழுந்திருக்க வேண்டிய அக்கேள்வியை எழவிடாமல் செய்தது யாம் சொன்ன ஒற்றைச் சொல் என்பது அன்றிரவு எமக்கு உறைத்தது.

செய்யலாம் என்பதைப் பிரித்தால் செய்யல், ஆம் என இரண்டாகும். செய்தல் ஆகும் என்பது அதன் அடிப்பொருள். இன்றைய வழக்கில் இவ்வீறு நான்கு வேலைகளைச் செய்கிறது. "உள்ளே வரலாம்" என்றால் இசைவு. "தங்காக்கிலிருந்து லேடாங் மலையைப் பார்க்கலாம்" என்றால் இயலுமை. "மாலையில் மழை பெய்யலாம்" என்றால் நிகழ்வாய்ப்பு. "வாருங்கள், சாப்பிடலாம்" என்றால் அழைப்பு. வகுப்பறையில் இந்நான்கையும் பிரித்துக் காட்டுவது எளிது. மருத்துவர் அறையிலோ நான்கும் ஒரே மூச்சில் வந்து விழுகின்றன. மருத்துவர் இயலுமையைச் சொல்கிறார். மொழிபெயர்ப்பவர் 'லாம்' என்கிறார். நோயாளர் அதை அழைப்பாக, அதுவும் பெரியவர் ஒருவர் விடுக்கும் அழைப்பாகக் கேட்கிறார். பெரியவர் "சாப்பிடலாம்" என்று அழைக்கும்போது மறுக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. அடுத்த தொடரிலேயே "கால் மரத்துப் போகலாம்" என்று தீங்கைச் சொல்லவும் அதே ஈறுதான் வருகிறது. பரிந்துரையும் தீங்கின் வாய்ப்பும் ஒரே உடையில் வந்து நிற்பதால், கேட்பவர் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறார்.

நன்மையைச் சொல்லும்போது ஈறு மாறிவிடுவதையும் நோக்குக. "வலி குறையும்" என்கிறோம். இந்த 'உம்' ஈறு எதிர்காலத்தையும் காட்டும், என்றும் நிகழும் இயல்பையும் காட்டும். "பால் புளிக்கும்" என்பது போல, வலி குறைவதும் இயற்கை விதியாக ஒலிக்கிறது. நன்மைக்கு உறுதி ஈறு, தீமைக்கு ஐய ஈறு. இப்படி ஓரம் சாய்க்க வேண்டுமென்று எவரும் திட்டமிடுவதில்லை. நாக்கு பழகிய வழியில் செல்கிறது, அவ்வளவே.

இனி நோயைப் பற்றிச் சில செய்திகள். வளர்ந்தோர்க்கு வரும் முதுகெலும்பு உருத்திரிபில் பெருவழக்கானவை இரண்டு. இளமையில் தோன்றிய வளைவு முதுமையில் மிகுவது ஒன்று. எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகளும் மூட்டுகளும் தேய்ந்து, ஐம்பது வயதுக்குமேல் புதிதாக வளைவது மற்றொன்று. ஊடுகதிர்ப் படத்தில் பக்கவாட்டு வளைவு 10 பாகை அல்லது அதற்கு மேல் இருந்தால் அதைப் பக்கவளைவு என வரையறுக்கின்றனர். ஆனால் பாகையை மட்டும் கொண்டு எவரும் அறுவைக்கு முடிவு செய்வதில்லை. பெரிய வளைவோடு வயலில் வேலை செய்பவரும் உண்டு. சிறிய வளைவால் படுக்கையில் கிடப்பவரும் உண்டு. உடல் எவ்வளவு முன்சாய்கிறது, நரம்பு எங்கே நசுங்குகிறது, நோயாளர் எதைச் செய்ய இயலாமல் தவிக்கிறார் என்பனவே முதன்மையானவை.

அறுவையில் திருகாணிகளும் உலோகத் தண்டுகளும் பொருத்தி எலும்புகளை இணைக்கின்றனர். நசுங்கிய நரம்புக்கு இடம் செய்து கொடுக்கின்றனர். சிலவேளை எலும்பை வெட்டி நிமிர்த்துகின்றனர். பல மணிநேரம் நீளும் பெரிய அறுவை இது. புண்ணில் கிருமி சேர்தல், குருதி உறைதல், தண்டு முறிதல், எலும்பு இணையாமை, இணைத்த பகுதிக்கு மேலே புதிய வளைவு தோன்றுதல் ஆகியவற்றால் இரண்டாம் அறுவை தேவைப்படுவதும் உண்டு. மறுபக்கம், உடற்பயிற்சியும் வலிமருந்தும் ஊசியும் ஊன்றுகோலும் சிலருக்குப் போதுமானவையாக அமைகின்றன. கால் வலிமை விரைந்து குன்றுவது, சிறுநீர் மலக் கட்டுப்பாடு இழப்பது போன்ற நிலைகளைத் தவிர, பெரும்பாலோர்க்கு இது இன்றே முடிவு செய்ய வேண்டிய அறுவை அன்று. எண்ணிப் பார்க்க நாளும் மாதமும் இருக்கின்றன. எண்ணுவதற்கு உரிய மொழிதான் வேண்டும்.

2019-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வொன்று இவ்விடத்தில் பெரிதும் பயன்படும். இடுப்புப் பகுதி வளைவால் துன்புற்ற 40 முதல் 80 வயதுக்குட்பட்ட 286 பேரை ஒன்பது மருத்துவமனைகளில் பின்தொடர்ந்தனர். அவர்களுள் 63 பேரைக் குலுக்கல் முறையில் அறுவைக்கும் அறுவையற்ற மருத்துவத்துக்கும் பிரித்தனர். அறுவையற்ற பிரிவில் வைக்கப்பட்டோரில் 64 விழுக்காட்டினர் இரண்டு ஆண்டுக்குள் தாமே அறுவைக்கு மாறிவிட்டனர்! ஆகவே பிரிவுப்படி ஒப்பிட்டால் வேறுபாடு தெரியவில்லை. உண்மையில் எதைப் பெற்றனர் என்று பார்த்தால், அறுவை பெற்றோர் நிலை மேம்பட்டிருந்தது. ஆய்வாளர் வந்தடைந்த முடிவின் சாரம் இது: இப்போதைய நிலையில் மனநிறைவு உள்ளவர் அறுவையின்றி இருக்கலாம், ஆனால் பெரிய முன்னேற்றத்தை எதிர்பார்க்க வேண்டா, நிறைவு இல்லாதவர், முன்னேற்றம் வேண்டுபவர், அறுவையைத் தேர்வது நன்று. இதைக் கூர்ந்து பாருங்கள். முடிவின் அச்சாணி ஊடுகதிர்ப் படத்தில் இல்லை. "உங்கள் இப்போதைய நிலை உங்களுக்குப் போதுமா?" என்னும் கேள்வியில் இருக்கிறது. அதற்கு விடை சொல்லத்தக்கவர் நோயாளர் ஒருவரே. எம் தமக்கையாரிடம் அக்கேள்வியை யாம் தமிழில் கேட்கவே இல்லை.

கலைச்சொல் இல்லாமையே குறை என்று நம்மில் பலர் கருதுவர். வரலாறு வேறு கதை சொல்கிறது. 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1852-இல் உடற்கூறு நூலையும், 1867-இல் 'இரண வைத்தியம்' என்னும் அறுவை நூலையும் தமிழில் வெளியிட்டார். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அறுவை மருத்துவர் தமிழில் கற்றனர். அவருக்குப் பின் வந்தோரும் சொல் ஆக்குவதில் சோர்ந்தாரில்லை. உறுப்புக்கும் கருவிக்கும் பெயர் உண்டு. ஆனால் அச்சொற்கள் பெரும்பாலும் கற்பவர்க்கும் கற்பிப்பவர்க்குமாக ஆக்கப்பட்டவை. முடிவெடுக்கும் நோயாளர்க்கு என்ன தொடர் வேண்டும் என்று நாம் கருதிப் பார்த்தது குறைவு. பெயர்ச்சொற்களை வார்த்தோம், வினைமுற்றுகளை அப்படியே விட்டுவிட்டோம். எம் தொழிலின் மீதே வைக்கும் குறை இது.

பெயர்ச்சொல்லிலும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. நரம்பு என்னும் சொல்லைப் பாருங்கள். யாழின் தந்தியும் நரம்பு, இலையின் கோடும் நரம்பு. பேச்சுவழக்கில் குருதிக் குழாயும் தசைநாணும் நரம்பே. ஊசி போடும் தாதி "நரம்பு கிடைக்கவில்லை" என்பார். மலாயில் 'ஊராட்' என்னும் சொல்லும் இவ்வாறே பலவற்றைச் சுட்டும். உணர்வு நரம்புக்கு 'சாராப்' எனத் தனிச்சொல் உண்டு. ஆகவே "நரம்பு பாதிக்கப்படலாம்" என்று கேட்கும் ஜொகூர்ப் பாட்டியார், கை நடுக்கத்தையோ உடல் தளர்ச்சியையோ எண்ணிக்கொள்வார். கால் அசையாமற் போவது அவர் மனத்தில் தோன்றாது. "காலை அசைக்கும் வலிமை குறையலாம்" என்று விளைவைச் சொல்வதே தக்கது. அதுவும் எவ்வளவு காலத்துக்கு என்பதோடு சொல்ல வேண்டும். சிக்கலான உருத்திரிபு அறுவை செய்துகொண்ட 272 பேரைப் பல நாடுகளில் பின்தொடர்ந்த ஆய்வொன்றில், மருத்துவமனையை விட்டு வெளியேறும்போது நூறு பேரில் ஏறத்தாழ 22 பேர்க்குக் கால் வலிமை முன்பிருந்ததைவிடக் குறைந்திருந்தது. ஆறு மாதத்தில் அது ஏறத்தாழ 11 பேராகக் குறைந்தது. இவை மிகக் கடினமான அறுவைகளின் எண்கள், எல்லார்க்கும் பொருந்தா. ஆனால் நூறு பேர், அவர்களில் இத்தனை பேர், இத்தனை மாதம் என்று சொன்னால் எழுத்தறியாதவரும் விளங்கிக்கொள்கிறார். விழுக்காடு என்று சொல்லும்போது பலர் தேர்வு மதிப்பெண்ணை நினைத்துவிடுகின்றனர். எம் தமக்கையார் "எழுபதா? அப்ப பாஸ்தானே" என்றது நினைவில் இருக்கிறது.

எண்ணைச் சொல்லும் பக்கமும் முக்கியம். 1982-இல் மக்னீல், துவெர்ஸ்கி முதலானோர் வெளியிட்ட ஆய்வில், நுரையீரல் புற்றுக்கான அறுவையின் விளைவை உயிர்பிழைப்போர் எண்ணாகச் சொன்னபோது விரும்பியவர் தொகை, அதே செய்தியை இறப்போர் எண்ணாகச் சொன்னபோது குறைந்தது. மருத்துவர்களே அவ்வாறு மாறினர். ஆகவே இரண்டு பக்கத்தையும் சொல்வதே நேர்மை: நூறு பேரில் 90 பேர் நலம், 10 பேர் அவ்வாறு இல்லை.

நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்ததை மாணவர்கள் அறிவீர்கள். இம்மூன்றும் மருத்துவர் அறையில் உயிரோடு உலவுகின்றன. மருத்துவரின் பேச்சு குழூஉக்குறி, அதை விடுவோம். மங்கல வழக்கோ நம் பிள்ளைகள் நாவில் இருக்கிறது. பாட்டிக்கு மொழிபெயர்க்க உடன்செல்பவர் பெரும்பாலும் பள்ளி மாணவியோ மாணவனோ. மருத்துவர் இறப்பு வாய்ப்பைச் சொல்வார். பேத்தி அதை "கொஞ்சம் ரிஸ்க் இருக்காம் பாட்டி" என்று மங்கலமாக்குவாள். சிறுநீர் மலக் கட்டுப்பாட்டைப் பற்றி மருத்துவர் கேட்பார். பேரன் நாணி அக்கேள்வியையே விட்டுவிடுவான். முதுகெலும்பு நோயில் உடனே அறுவை தேவையா என்பதைக் காட்டும் மிக முக்கியமான கேள்வி அதுதான். இடக்கரடக்கல் அவையில் பண்பு. அங்கே அது ஒருவர் கால்களைப் பறித்துவிடக்கூடும். பிள்ளைகளை இப்பொறுப்பில் அமர்த்துவதே தகாது என்பது எம் கருத்து. தவிர்க்க இயலாத இடத்தில், மருத்துவமனையில் விட்டுச்சொல்லக் கூடாதவை எவை என்பதையாவது இலக்கணப் பாடத்தோடு சேர்த்துக் கற்பிக்கலாம். இந்தக் 'கற்பிக்கலாம்' பரிந்துரைப் பொருளில் வந்தது.

கூன் என்னும் சொல்லின் சுமையையும் மறத்தல் ஆகாது. கம்பராமாயணத்தின் கூனி நம் நினைவில் சூழ்ச்சிக்கு உருவமாக நிற்கிறாள். நின்றசீர் நெடுமாறன் வரலாறோ மறுபக்கம்: சம்பந்தர் பாடலால் கூன்பாண்டியன் கூன் நிமிர்ந்தான் என்பது பெரியபுராண வழிவந்த செய்தி. ஆகவே கூன் என்றால் இழிவு, அது நிமிர்ந்தால் அருள் என்னும் இரண்டு நினைவுகளோடு நோயாளர் வருகிறார். அறுவைக்குப் பின் மணமேடைப் பெண்போல நிமிர்ந்து நிற்போம் என்று எதிர்பார்க்கிறார். மருத்துவரின் குறிக்கோளோ வலி குறைவதும், சாயாமல் நிற்பதும், நடக்கும் தொலைவு கூடுவதும். எதிர்நினைவும் ஒன்று உண்டு: "முதுகில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான்" என்பது தோட்டத்துப் பேச்சு. இவ்விரண்டையும் முதலில் பேசவிடாமல் எண்களை அடுக்குவதில் பயனில்லை.

சட்டம் இத்துறையில் மொழியைவிட முன்னே சென்றுவிட்டது. 1992-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்றில், பார்வை குன்றிய கண்ணுக்கு அறுவை செய்துகொண்ட பெண்மணி நல்ல கண்ணின் பார்வையையும் இழந்தார். அந்தத் தீங்கு ஏறத்தாழ 14,000 பேரில் ஒருவர்க்கே நேர்வது. ஆயினும் அவர் நல்ல கண்ணைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தார். அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். நம் நாட்டில் 1982-இல் கழுத்தெலும்பு அறுவைக்குப் பின் உடல் செயலிழந்த ஒரு பெண்மணியின் வழக்கில், 2006 டிசம்பர் 29 அன்று கூட்டரசு நீதிமன்றம் அதே நெறியை ஏற்றது. மருத்துவர் எதைச் சொல்வது வழக்கம் என்பது மட்டும் அளவுகோல் ஆகாது. நோயாளர் நிலையில் உள்ள ஒருவர் எதை முக்கியமாகக் கருதுவார் என்பதும் வேண்டும் என்பது அதன் கருத்து. முதுகெலும்பு அறுவையிலிருந்தே நம் நாட்டின் இந்நெறி பிறந்தது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்க. தரையில் அமர்ந்து கோலமிடுவது ஒரு பெண்ணுக்கு முக்கியம் என்றால், சட்டத்தின் கண்ணிலும் அது சிறிதன்று.

நோயாளர் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "உங்க அம்மாவா இருந்தா என்ன செய்வீங்க டாக்டர்?" பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் கேள்வியாகச் சிலர் இதைக் கருதுவர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. உறவுமுறை வழியாக நியாயத்தைத் தேடுவது நம் மரபு. "என் அம்மாவுக்கு நடப்பது பெரிது என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு எது பெரிது என்று சொல்லுங்கள், பிறகு நாம் பார்ப்போம்" என்று விடை சொன்ன மருத்துவர் ஒருவரை யாம் அறிவோம்.

அவர் விடையிலிருந்த 'நாம்' தற்செயலானது அன்று. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் கேட்பவரையும் சேர்த்தால் நாம், விலக்கினால் நாங்கள். மலாயிலும் 'கித்தா', 'காமி' என்னும் வேறுபாடு உண்டு. "நாங்கள் முடிவு செய்து சொல்கிறோம்" என்றால் நோயாளர் கதவுக்கு வெளியே நிற்கிறார். இன்றைய மருத்துவ உலகம் பெரிய கட்டுரைகள் எழுதி வலியுறுத்தும் கூட்டு முடிவு, நம்மிடம் ஓர் இடப்பெயரில் அடங்கிக் கிடக்கிறது. ஆயினும் இந்த 'நாம்' குடும்பத்தை மட்டும் சேர்த்து நோயாளரை விட்டுவிடுவதும் நடக்கிறது. மகனும் மருமகளும் மருத்துவரும் 'நாம்' ஆகிவிட, பாட்டியார் 'அவங்க' ஆகிவிடுகிறார்.

"புரிந்ததா?" என்று கேட்பதைக் கைவிட வேண்டும். மரியாதைக்காகவே "புரிந்தது" என்பர். "வீட்டுக்குப் போய் அண்ணனிடம் இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டால், எது சென்று சேர்ந்தது, எது வழியில் உதிர்ந்தது என்பது தெரிந்துவிடும். 'லாம்' வரும் இடத்தில் "செய்வதும் ஒரு வழி, செய்யாமல் இருப்பதும் ஒரு வழி" என்று இரண்டு தொடராக விரித்துச் சொல்க. 'குறையும்' என்பதைப் "பலர்க்குக் குறைகிறது, சிலர்க்குக் குறைவதில்லை" என்க.

ஒத்திவைத்த எட்டாம் மாதம் எம் தமக்கையார் தாமே அறுவை வேண்டும் என்றார். கோயில் வாசல்வரைகூட நடக்க முடியாத நாள் அது. இம்முறை கேள்விகளை அவரே ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதிக்கொண்டு வந்தார். யாம் வாயைத் திறக்காமல் தொடருக்குத் தொடர் மொழிபெயர்த்தோம் என்று சொல்ல ஆசை. இரண்டு இடத்தில் எம்மைத் திருத்தியவர் அவர்தாம். இன்று கோயிலுக்கு நடக்கிறார். கோலம் மருமகள் போடுகிறாள். அவர் நாற்காலியில் அமர்ந்து, புள்ளி தவறுகிறது என்று குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.